பினாங்கில் வயிற்று டாக்டரைப் பார்ப்பது எப்படி: கிளினிக் கடிதத்திலிருந்து ஸ்கோப் ரிப்போர்ட் வரை

முதலில், இதை உட்கார்ந்து படிக்கக் கூடாதவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். வாந்தியில் ரத்தம் வருகிறவர்கள், அல்லது காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுப்பவர்கள். மலம் கன்னங்கரேலென்று பிசுபிசுத்து, வழக்கத்தில் இல்லாத நாற்றம் அடிப்பவர்கள். வயிற்றைத் தொடவே விடாத அளவுக்கு வலி இறுகிப்போனவர்கள். கண் மஞ்சளாகி அதோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டவர்கள். இவர்களுக்கு அப்பாயின்மெண்டும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி கெசெமாசான், அதாவது அவசரப் பிரிவு, முடியாவிட்டால் 999.

இன்னொரு கூட்டமும் உண்டு. நெஞ்சுக்குழியில் எரிகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தாடையோ இடது கையோ கனக்கிறது, ஆனால் வாய் மட்டும் "ஒண்ணுமில்ல, காஸ்ட்ரிக்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அக்ஸ் தைலத்தைத் தேய்த்து, ஓம வாட்டர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். நம் ஆட்களில் சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிகம். சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு பல சமயம் நெஞ்சுவலியே இல்லாமல், வயிறு உப்பி மூச்சு முட்டுகிற மாதிரிதான் வரும். ஈசிஜி எடுக்கச் சில நிமிஷம்தான் ஆகும். அது சரியாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் காத்திருங்கள். இதயம் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகு வயிற்றைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

சரி, மற்றவர்களுக்கு வருவோம். மாதக்கணக்கில் எரிச்சல், உப்பசம், ஒருநாள் மலச்சிக்கல் ஒருநாள் பேதி, பைல்ஸா வேறெதுவுமா என்று தெரியாத ரத்தம், இப்படி எதையாவது வைத்துக்கொண்டு, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தீவில் இருந்தாலும் சரி, பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருந்தாலும் சரி, வழி ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரியும் நல்ல டாக்டரும் கிடைப்பது பினாங்கில் அவ்வளவு கஷ்டமில்லை. கையில் என்ன எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

முதல் வேலை: எழுதி வையுங்கள்

இரண்டு வாரம் போதும். போனிலேயே எழுதலாம். வலி எங்கே வருகிறது, தொப்புளுக்கு மேலா கீழா, வலது விலா எலும்புக்குக் கீழா. சாப்பிட்டதும் கூடுகிறதா, பசித்தால் கூடுகிறதா. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, இது முக்கியம். கழிப்பறைக்குப் போனால் வலி குறைகிறதா. மலம் எப்படி இருக்கிறது, எத்தனை தரம், ரத்தம் வந்தால் அது மலத்தோடு கலந்திருக்கிறதா, கடைசியில் சொட்டாக விழுகிறதா. எடை குறைந்திருந்தால் எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில். பெல்ட்டில் ஓட்டை மாறியிருந்தால் அதையும் சொல்லலாம், டாக்டருக்குப் புரியும்.

மலத்தை போட்டோ எடுத்து வைப்பது கூச்சமாக இருக்கும்தான். ஆனால் "கொஞ்சம் கறுப்பா இருந்துச்சு டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட அது பல மடங்கு உதவும். கறுப்பைப் பற்றி ஒரு விஷயம்: இரும்புச்சத்து மாத்திரையும், பேதிக்குச் சாப்பிடும் கரி மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள்.

அப்புறம் மருந்துப் பட்டியல். இதில்தான் எல்லாரும் பாதியை விட்டுவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சொல்வார்கள், ஆனால் முட்டி வலிக்கு பேனல் கிளினிக்கில் கொடுத்த டைக்ளோஃபெனாக்கையும், பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் போடும் போன்ஸ்டானையும் சொல்ல மாட்டார்கள், அதெல்லாம் "வெறும் வலி மாத்திரை" என்று நினைப்பு. குடற்புண்ணுக்கு இரைப்பையில் வாழும் எச். பைலோரி என்ற கிருமி ஒரு பெரிய காரணம் என்றால், அந்த வலி மாத்திரைகள் இன்னொரு பெரிய காரணம். இதய டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினும் அதே சாதிதான், ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, சொன்னால் போதும்.

ஜாமு, நாட்டு மருந்து, சித்த மருந்து எதுவாக இருந்தாலும் பாக்கெட்டோடு எடுத்துப் போங்கள். மலேசியாவில் பதிவான மருந்தின் உறையில் மால் (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அது இல்லாமல் பாசாரில் விற்கும் சில மூட்டுவலி ஜாமுக்களில் ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் கலந்து விற்றதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. ரெண்டே நாளில் வலி பறந்துபோகும், அப்புறம் வயிற்றில் ரத்தம் கசியும். என் பெரியம்மாவின் பையில் அப்படி ஒரு டப்பா இருந்தது. டாக்டர் கேட்டபோது "நான் இங்கிலீஷ் மருந்து எதுவும் சாப்பிடுறதில்ல" என்று அடித்துச் சொன்னார், டப்பாவை மட்டும் காட்டவில்லை.

இரண்டாவது: கிளினிக்

அரசாங்க வழியில் போகிறவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்க வேண்டும். தீவில் ஜாலான் பேராக், பண்டார் பாரு ஆயர் ஈத்தாம் என்று பல இடங்களில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பாருங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். மைசெஜாத்ரா ஆப்பில் அப்பாயின்மெண்ட் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள், நம்பர் எடுத்துவிட்டு நாற்காலியில் தூங்குவதைவிட அது மேல். வெளிநாட்டுக்காரர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கட்டணம் பல மடங்கு. தமிழ்நாட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு வந்திருக்கும் தம்பிகள், தங்களுக்கு எடுத்திருக்கும் இன்சூரன்ஸ் எதற்குச் செல்லும் என்று முதலில் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஸ்பிக்பா இன்சூரன்ஸ் வார்டில் சேர்ந்தால்தான் உதவும், வெளியிலிருந்து கிளினிக்குக்குப் போய்வருவதற்கு இல்லை.

கிளினிக் டாக்டரிடம் "ஸ்பெஷலிஸ்ட்டுக்கு லெட்டர் கொடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். எழுதி வைத்ததைக் காட்டுங்கள். மலாயில் சொல்ல வேண்டிய நிலை வந்தால் சில சொற்கள் போதும்: மேல்வயிற்று எரிச்சல் பெடி உலு ஹாத்தி, வாந்தி முந்தா, மலச்சிக்கல் செம்பெலிட், பேதி சிரிட் பிரிட், கறுப்பு மலம் நாஜிஸ் ஹித்தாம், ரத்த மலம் பெராக் பெர்டாரா. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் உள்ளே கூடவே போங்கள். அப்பாமார் வெளியே ஒன்று சொல்வார்கள், டாக்டர் முன்னால் "எல்லாம் நல்லாருக்கு" என்பார்கள்.

அபாய அறிகுறி ஏதும் இல்லாத இளவயதுக்காரராக இருந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு, சில வாரத்துக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். இது உங்களைத் தட்டிக் கழிப்பது அல்ல, உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பது இருக்கிறதே. ஓமெப்ரசோல், பாண்டோப்ரசோல் வகை மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும். எரியும்போது ஒன்று, ரொட்டி சானாய் சாப்பிட்டு முடித்து தே தாரிக்கோடு ஒன்று என்று போட்டால் அது பாதி வேலைதான் செய்யும், அப்புறம் "மருந்து கேட்கல" என்று அடுத்த கிளினிக்குக்கு ஓடுவோம். உடனே எரிச்சல் அடங்க வேண்டுமென்றால் அதற்குக் கேவிஸ்கான் மாதிரி வேறு மருந்து இருக்கிறது.

இவை இருந்தால் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், கடிதத்தைக் கேட்டே வாங்குங்கள்: காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது சிக்குவது, விடாத வாந்தி, ரத்தசோகை, மலத்தில் ரத்தம், ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடிக்கும் மலம் போகும் பழக்க மாற்றம், நெருங்கிய குடும்பத்தில் வயிறு அல்லது குடல் புற்று. பெண்களுக்கு ரத்தசோகை என்றால் மாதவிடாய் மேல் பழியைப் போட்டு இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. மாதவிடாய் நின்றுபோன அம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் அந்தக் கணக்கு செல்லாது, வயிற்றையும் குடலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கும் அதேதான்.

ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் கிளினிக்கில் ஒன்று இருக்கிறது. 50 முதல் 75 வயதுவரை உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஐஃபோப்ட் சோதனை. சின்னக் குழாயில் கொஞ்சம் மலம், அவ்வளவுதான், பத்தியம்கூட இல்லை. மலேசிய ஆண்களிடம் அதிகம் காணும் புற்று பெருங்குடல் புற்றுதான், பெண்களிடம் மார்பகப் புற்றுக்கு அடுத்து அதுதான். பாசிட்டிவ் என்று வந்தால் புற்று என்று அர்த்தமில்லை, கொலோனோஸ்கோபி, அதாவது குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பாசிட்டிவ் வந்தும் பயந்துபோய்ப் பேப்பரை அலமாரியில் வைத்துவிடுகிற ஆட்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

மூன்றாவது: கடிதம் எங்கே போகிறது

அரசாங்கத்தில் பினாங்குக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் ஹாஸ்பிட்டல் புலாவ் பினாங். அங்கே குடல் இரைப்பை நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதம் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கும் போகலாம், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஸ்கோப்பை, அதாவது குழாய்க் கேமரா விட்டு உள்ளே பார்க்கும் சோதனையை, சர்ஜன்களும் செய்கிறார்கள். பொதுவாக, பைல்ஸ், பித்தப்பைக் கல், குடலிறக்கம் என்றால் சர்ஜன்; தீராத எரிச்சல், குடல் அழற்சி, கல்லீரல் என்றால் குடல் இரைப்பை நிபுணர். கத்தி வைக்காமல் ஸ்கோப்பாலும் மருந்தாலும் வேலை பார்ப்பவர் இவர்.

நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு வழக்கமான கட்டணம் 5 ரிங்கிட். விலை அதுதான், காத்திருப்பு வேறு விலை. அவசரமில்லாத கேஸ் என்று கடிதத்தைப் பார்த்து முடிவு செய்தால் மாதங்கள் ஆகலாம். அதனால்தான் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். "வயிற்று வலி" என்று மட்டும் இருந்தால் பின்வரிசை. "மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைவு, ஹீமோகுளோபின் 9" என்று இருந்தால் யாரும் அதைத் தள்ளிப்போட மாட்டார்கள். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் அந்தத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள், கிளினிக்குக்குத் திரும்பிப் போய்ப் புதிதாக எழுதி வாங்குங்கள்.

அன்றைக்கு ஐசி, கடிதம், பழைய ரிப்போர்ட், மருந்துகள். அரசாங்க ஊழியர், பென்ஷன்காரர் என்றால் ஜிஎல் (செலவை ஏற்கும் உத்தரவாதக் கடிதம்). ஜாலான் ரெசிடென்சி பக்கம் காரில் போய் பார்க்கிங் தேடி பிரஷர் ஏற்றிக்கொள்வதற்குக் கிராப்பில் போய்விடலாம்.

தனியார் பக்கம் கதை வேறு. கையில் காசோ மெடிக்கல் கார்டோ இருந்தால் இந்த வாரமே பார்க்கலாம். பினாங்கு தனியார் ஆஸ்பத்திரி லாபிகளில் மேடானிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் இந்தோனேசியர்களைப் பார்த்திருப்பீர்கள். விமானம் ஏறி அவர்கள் வருகிற இடத்துக்கு நாம் பாலம் தாண்டிப் போகிறோம். டாக்டர் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இணையத்தில் இலவசம். என்ன துறையில் பதிவாகியிருக்கிறார் என்று அதில் தெரியும். போர்டில் "எண்டோஸ்கோபி" என்று போட்டிருப்பவர் எல்லாரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள் அல்ல.

காசு விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தனியார் டாக்டரின் கட்டணத்துக்குச் சட்டத்தில் அட்டவணை உண்டு, உச்சவரம்பு உண்டு. ஆஸ்பத்திரி போடும் மற்ற கட்டணங்களுக்கு, அதாவது அறை, மருந்து, ஊசி, கையுறை, கருவி என்று வருகிறவற்றுக்கு, அப்படி வரம்பு இல்லை. என் சித்தப்பாவின் பில்லில் டாக்டர் சம்பளம் சின்ன வரி, அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கம். அதனால் ஸ்கோப்புக்கு முன்னாலேயே கவுண்டரில் மொத்த மதிப்பீடு கேளுங்கள், பயாப்சி (சோதனைக்குச் சதைத் துணுக்கு) எடுத்தால் எவ்வளவு, பாலிப் (குடல் சுவரில் வளரும் சின்ன முளை) வெட்டினால் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

மெடிக்கல் கார்டு இருக்கிறது என்று தைரியமாகப் போகிறவர்கள், ஏஜெண்டிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். ஒன்று, டே கேரில், அதாவது அன்றே வீடு திரும்புகிற மாதிரி, ஸ்கோப் செய்தால் ஜிஎல் கிடைக்குமா. நோய் அறிகுறிக்காகச் செய்தால் கொடுப்பார்கள், "சும்மா செக் பண்ணிக்கலாம்" என்று செய்தால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, பாலிசி எடுத்து எவ்வளவு நாள் ஆகிறது. பைல்ஸ், பித்தக்கல், குடலிறக்கம், கட்டி போன்றவற்றுக்கு வழக்கமாக 120 நாள் காத்திருப்பு இருக்கும். ஏற்கனவே இருந்த நோயை மறைத்திருந்தால் அது தனிக் கதை.

நான்காவது: ஸ்கோப்

டாக்டர் "ஓஜிடிஎஸ்" என்றால் வாய்வழியாக உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை பார்ப்பது. "கொலோன்" என்றால் கீழ்வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது. முதலாவது சுலபம்: ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டும், தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடிப்பார்கள், கசக்கும், எச்சில் விழுங்க முடியாத மாதிரி தோன்றும், ஆனால் மூச்சு நன்றாகவே போகும். பல்லுக்கிடையில் பிளாஸ்டிக் வளையம். சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கொலோனோஸ்கோபியில் கஷ்டம் முந்தின நாள்தான். குடல் சுத்தமாக இல்லையென்றால் சின்ன பாலிப் கண்ணில் படாது, திரும்ப வரச் சொல்லுவார்கள், அந்த மருந்தைத் திரும்பவும் குடிக்க வேண்டும். கொடுக்கிற தாளில் "புபூர் (கஞ்சி), மீன், முட்டை" என்று போட்டிருக்கும், சைவக்காரர்கள் முழிப்பார்கள். நம் சமையலுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே பருப்பு, கீரை, கடலை, காய்கறித் தோல், பழ விதை, தேங்காய்த் துருவல், கோதுமைச் சப்பாத்தி வேண்டாம். வெள்ளைச் சோறு, தயிர், வெள்ளை ரொட்டி, தோலுரித்து மசித்த உருளைக்கிழங்கு சரி. தாளிக்காதீர்கள். கடுகு, சீரகம், மிளகாய் விதை, கறிவேப்பிலை எல்லாம் குடலில் ஒட்டிக்கொண்டு இருக்கும், கருவியின் உறிஞ்சும் குழாயை அடைக்கும். தைப்பூச விரதத்தில் இருக்கிறவர்கள் முடிந்தால் தேதியைத் தள்ளி வாங்குங்கள், பருப்பும் காயும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு இந்தப் பத்தியத்தைச் சமாளிப்பது பெரும் பாடு.

முந்தின நாள் தெளிந்த பானம் மட்டும். தே ஓ (பால் இல்லாத டீ), வடிகட்டிய சூப், ஆப்பிள் ஜூஸ், 100 பிளஸ். மைலோ கூடாது, பால் கூடாது, சிராப் பாண்டுங், ரிபெனா எதுவும் கூடாது, சிவப்பும் ஊதாவும் உள்ளே போய் ரத்தம் மாதிரியே தெரியும்.

அப்புறம் பவுடர். ஃபோர்ட்ரான்ஸ் மாதிரி மருந்து என்றால் ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி, இப்படிச் சில லிட்டர். முதல் லிட்டர் பரவாயில்லை. இரண்டாவதில் உப்பும் வழவழப்பும் நாக்கில் ஏறி, கிளாஸைப் பார்த்தாலே குமட்டும். பிரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஆக்கி, ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சுங்கள். குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். சமையலறையில் நடந்துகொண்டே குடித்தால் சீக்கிரம் இறங்கும். கழிப்பறைக்குப் பக்கத்து அறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், டிஷ்யூவுக்குப் பதில் தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைத்து வாசலின். தண்ணி மஞ்சளாகத் தெளிந்து, துணுக்கு எதுவும் இல்லாமல் வந்தால் குடல் தயார். பாதி மருந்தை முந்தின ராத்திரியும் மீதியை விடியற்காலையும் குடிக்கச் சொன்னால், விடியற்காலைப் பங்கை விட்டுவிடாதீர்கள், அதுதான் நன்றாகச் சுத்தம் செய்கிறது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் தேதி வாங்கும்போதே கேட்க வேண்டியவை: சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எப்படி, ரத்தத்தை இளக்கும் மருந்தை நிறுத்த வேண்டுமா, வாராந்திர ஓசெம்பிக் ஊசியை என்ன செய்வது. இரும்பு மாத்திரையை வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீரகம், இதயம் பலவீனமானவர்கள் பவுடரை வாங்குவதற்கு முன் அதைச் சொல்லியாக வேண்டும். பேஸ்புக்கில் படித்ததை வைத்து எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர் மருந்தை நிறுத்துவது ஸ்கோப்பைவிடப் பெரிய ஆபத்து.

துணைக்கு ஒருவர் கட்டாயம். மயக்க ஊசி போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கிராப் டிரைவர் துணை ஆக மாட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போவதற்கு மட்டும் இல்லை, காது கொடுப்பதற்கும்தான். அந்த ஊசி நினைவை அழிக்கும். டாக்டர் படம் காட்டி விளக்குவார், நோயாளி தலையாட்டுவார், நல்ல கேள்விகூடக் கேட்பார், பாலம் தாண்டுவதற்குள் "டாக்டர் வந்தாரா?" என்று கேட்பார். எழுதிக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான். வீட்டுக்கு வந்தபின் காற்றுப் பிரிந்து வயிறு உப்பசமாக இருப்பது சகஜம். வலி ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், ரத்தம் நிற்காமல் போனால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு.

எச். பைலோரி என்று வந்தால்

ஓஜிடிஎஸ் செய்யும்போது இரைப்பையிலிருந்து துணுக்கு எடுத்து ஒரு மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது ரோஸ் நிறமாக மாறும், சில சமயம் நீங்கள் கட்டிலில் இருக்கும்போதே. ஸ்கோப் இல்லாமல் ஊதிப் பார்க்கிற சோதனையும் உண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையையும் நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

1982-இல் பெர்த்தில் வாரனும் மார்ஷலும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தபோது, அமிலக் குளத்துக்குள் கிருமி வாழுமா என்று பலர் நம்பவில்லை. மார்ஷல் அதை வளர்த்துத் தானே குடித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் இந்தக் கிருமி இந்தியர்களிடமும் சீனர்களிடமும் கூடுதலாகவும் மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் இருந்திருக்கிறது. ஆகவே தீராத மேல்வயிற்றுத் தொந்தரவு உள்ள நம் ஆட்கள் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை. எல்லாவற்றுக்கும் காரத்தின் மேல் பழியைப் போட்டு ரசச் சோறே கதி என்று வாழ்கிறவர்கள் பலருக்கு, கிருமி போனதும் நாசி கண்டாரே ஒத்துக்கொள்கிறது.

சிகிச்சை பெரும்பாலும் 14 நாள், ஒரே நேரத்தில் மூன்று நான்கு வகை மாத்திரை. வாயில் உலோகக் கசப்பு, பேதி, குமட்டல் எல்லாம் வரும். ஐந்தாம் நாள் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த தடவை அந்த மருந்து வேலைக்கு ஆகாது. கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், கிளாரித்ரோமைசினோடு அது சேரக் கூடாது. முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுசோதனை. வலி போய்விட்டதே என்று இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், வலி போவதும் கிருமி போவதும் ஒன்றில்லை.

கல்லீரல் பற்றிச் சுருக்கமாக: ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்" என்று வந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்திருந்தால் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989-இல்தான் இங்கே தொடங்கியது, அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகக் காகிதம். ஸ்கோப் ரிப்போர்ட்டின் நகல், படங்கள், அப்புறம் ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்து வரும் பயாப்சி முடிவு, மூன்றையும் கேட்டு வாங்கி ஐசி நகலோடு ஒரே கவரில் வையுங்கள். யாரும் கூப்பிடவில்லை என்றால் நல்ல செய்தி என்று நினைக்காமல் நீங்களே போன் செய்யுங்கள். பாலிப் எடுத்திருந்தால் அது என்ன வகை, எத்தனை, அடுத்த ஸ்கோப் எந்த வருஷம் என்று எழுதி வாங்குங்கள், வகையைப் பொறுத்து அது மூன்று வருஷமாகவும் இருக்கலாம், பத்து வருஷமாகவும் இருக்கலாம். 60 வயதுக்கு முன்னால் பெருங்குடல் புற்று என்று வந்திருந்தால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கக் கூடாது: உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது உங்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முந்தி வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். அவர்கள் தங்கள் கிளினிக்கில் காட்ட உங்கள் ரிப்போர்ட்டின் நகலையும் கொடுத்து அனுப்புங்கள்.